வின்ச்சுக்குக் கொடுத்த இரண்டு விரல்

பார்ஜில் சரக்கு ஆளை அடிப்பது குறைவு. அதைத் தூக்குகிற கயிறும் அந்தக் கயிற்றைச் சுற்றி இழுக்கிற வின்ச் மெஷினும்தான் அடிக்கும். பார்ஜ் என்றால் சரக்கு ஏற்றும் தட்டைப் படகு. வளைகுடாவில் அதில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு ஆரணிக்குத் திரும்பியவன் நான். ஓடும் மெஷின் பக்கத்தில் நின்று சோறு தின்றவர்களுக்கு இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

கை முந்தியது

குமரேசன் எங்கள் ஊர், பட்டுத்தறிக் குடும்பம். தறியில் இழை தளர்ந்தால் யோசிப்பதற்குள் கை போய்விடும். பார்ஜுக்கு வந்த புதிதில் கட்டுக்கயிறு ஒன்று நழுவி ஓடியது. எல்லோரும் விலகினோம். இவன் பிடித்தான். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று. மேஸ்திரி தூத்துக்குடிக்காரர். மருந்து போட்டுக்கொண்டே திட்டினார்:

"ஓடுத கயித்த விடணும்லே. பிடிக்கதுக்கு அது என்ன ஒம் பொண்டாட்டி முந்தானையா?"

கோணல் சுற்று

கை ஆறியது. பழக்கம் போகவில்லை. வின்ச் உருளையில் கம்பிக்கயிறு ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கோணலாகச் சுற்றியது. நிறுத்தச் சொல்லிவிட்டுக் கடப்பாரையால் தள்ள வேண்டும். இவனோ நூல் கோணலாகச் சுற்றினாலே தாங்காத பரம்பரை. வின்ச் ஓடும்போதே கையால் நேராக்கப் போனான். கையுறை மாட்டிக்கொண்டது. வலது கையில் இரண்டு விரல் நசுங்கின, ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் மேஸ்திரியிடம் அவன் கேட்ட முதல் கேள்வி:

"கயிறு நேரா சுத்திக்கிச்சாங்க?"

போன்

அவன் மனைவிக்குச் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு நீட்டிப் பேச வராது.

"குமரேசனுக்கு அடி. உயிருக்குப் பயமில்ல."

"எந்தக் கை?"

"வலது."

"எத்தினி விரலு?"

"ரெண்டு."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தறிச் சத்தம் நின்றது. அப்புறம் சொன்னாள்:

"இனிமே அங்க எவன் வேலைக்கு வச்சிப்பான்? ஊருக்கு அனுப்பிடுங்கண்ணா. மிச்சம் இருக்கிற எட்டயாவது நான் பாத்துக்கறேன்."

எண்ணெய்க் குப்பி

ஊரில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் சேர்ந்தான். அந்தக் கையை நம்பி வேலை கொடுத்த ஒரே இடம் அது. எண்ணெய் விடவோ தூசு தட்டவோ, மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் கிட்டப் போவான். மற்றவர்கள் தறி ஓடும்போதே எண்ணெய் விடுவார்கள். போன மாதம் நான் போயிருந்தபோது முதலாளி கத்திக்கொண்டிருந்தார்: "சும்மா சும்மா நிறுத்திகினு பேஜார் பண்ற. ஓடசொல்லவே எண்ணெய வுடு, இல்லன்னா நாளைலேர்ந்து வராத."

குமரேசன் எண்ணெய்க் குப்பியை அவரிடமே நீட்டினான்.

"நீங்களே வுடுங்க மொதலாளி. ஒங்களுக்குப் பத்தும் இருக்குது."

குப்பியை அவர் வாங்கவில்லை, அவன் வேலையும் போகவில்லை. நிறுத்தும் பொத்தானை எல்லா மெஷினிலும் வைத்துவிட்டு, அழுத்துகிறவனைச் சோம்பேறி என்கிற உலகம் இது.