ஜெஸிமா போட்ட இரட்டை சைலன்சர்

ஜெஸிமாவுக்கு முப்பத்தாறு வயது. தென்னூரில் வீடு, துவாக்குடியில் வேலை. அங்கே தர்மராஜ் என்பவர் நடத்தும் பட்டறையில் பாய்லர் குழாய்களை ஒட்டும் டிக் வெல்டர் அவள். ஒரு கையில் நெருப்பு, மறு கையில் மெல்லிய கம்பி, காற்று படாமல் காக்கச் சுற்றிலும் ஆர்கான் வாயு என்று நிதானமாக ஒட்டுகிற வேலை. ஒட்டிய இடத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். உள்ளே குண்டூசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் குழாய் திரும்பி வந்துவிடும். கடந்த ஒன்றரை வருடத்தில் அவளிடம் திரும்பி வந்தவை இரண்டே குழாய்கள்.

ஐந்து வருடத்துக்கு முன்புவரை வெல்டிங் என்றால் அவளுக்குக் கண்ணைக் கூசும் வெளிச்சம், அவ்வளவுதான். மகள் அல்ஷிஃபா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, பெண்களுக்கு இலவசமாக வெல்டிங் சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தாள். பதினான்கு பேர் சேர்ந்து ஆறு பேர் முடித்தார்கள். அந்த ஆறு பேரில் ஸ்ரீரங்கத்துப் பிரேமலதாவும் ஒருத்தி. இரண்டு பேரும் தர்மராஜ் பட்டறையிலேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். முதலில் உலோகத்தைத் தேய்க்கும் கிரைண்டிங், பிறகு துண்டு துண்டாக ஒட்டும் வேலை, அப்புறம்தான் குழாய்.

ஜெஸிமாவின் கணவன் நவ்ஷாத் குவைத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் சாரம் கட்டும் ஃபோர்மேன். மூன்று வருடத்துக்கு முன் அவன் வந்துபோனபோது அவள் கிரைண்டிங்கில்தான் இருந்தாள். போன வருடக் கடைசியில் ஐம்பது நாள் லீவில் வந்தவன், வந்த மறுநாளே வீட்டு வாசலில் போர்வை போர்த்தி நின்ற தன் பழைய புல்லட்டை வெளியே எடுத்தான். அதற்கு இடது பக்கமும் ஒரு சைலன்சர் வைக்க வேண்டும் என்பது அவனுடைய வெகுநாள் ஆசை. எஞ்சினிலிருந்து வரும் ஒரே குழாயை அடியில் இரண்டாகப் பிரித்து, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்றாகக் கொண்டுபோக வேண்டும்.

"பாலக்கரையில ரெண்டு கடையில கேட்டேன்" என்றான் இரவுச் சாப்பாட்டின்போது. "சைலன்சர் வாங்கிக் குடுத்தா மாட்டித் தரேங்கறாங்க. பிரியற பைப் மட்டும் மெட்ராஸ்லதான் செய்யணுமாம்."

"நான் செய்யறேன்" என்றாள் ஜெஸிமா.

நவ்ஷாத் சிரித்துவிட்டான். "ஜன்னல் கம்பி ஒட்டற மாதிரி இல்ல ஜெஸி. மெல்லிசு பைப்பு. தொட்டா ஓட்டை விழுந்துடும்."

அவள் அவனுக்கு இன்னொரு கரண்டி சால்னா ஊற்றினாள். பாத்திரமெல்லாம் கழுவி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஞாயித்துக்கிழமை வண்டிய எடுத்துட்டு பட்டறைக்கு வாங்க மச்சான்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் தர்மராஜிடம் அனுமதி கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. "ஞாயித்துக்கிழமை மெஷின் சும்மாதானேம்மா கிடக்கு. திங்கக்கிழமை நான் வரும்போது மேசை சுத்தமா இருக்கணும், அவ்ளோதான்."

ஞாயிற்றுக்கிழமை நவ்ஷாத் வண்டியோடும் புதிதாக வாங்கிய சைலன்சரோடும் வந்தான். பிரேமலதாவும் ஸ்கூட்டரில் ஒரு தூக்கு நிறைய புளிசாதத்தோடு வந்து சேர்ந்தாள். ஜெஸிமா வண்டிக்கு அடியில் படுத்து, தடித்த கம்பி ஒன்றை வளைத்து வளைத்துக் குழாய் போக வேண்டிய வழியைப் பிடித்தாள். இடது பக்கம்தான் சிக்கல். ஸ்டாண்டும் செயினும் அந்தப் பக்கம். கீழே இறக்கினால் வேகத்தடையில் இடிக்கும், மேலே ஏற்றினால் பின்னால் உட்காருகிறவர் காலைச் சுடும். கம்பியை நான்கு முறை நிமிர்த்தி மறுபடி வளைத்தாள். வழி பிடிபட்டதும், வளைவு வேண்டிய இடங்களுக்காக ஸ்டீல் குழாயைச் சாய்வாகச் சின்னச் சின்ன வளையங்களாக அறுத்துக்கொண்டாள். ஒன்றோடொன்று சேர்த்து வைத்தால் குழாய் தானாக வளைந்து போனது. மொத்தம் இருபத்திரண்டு துண்டுகள்.

ஒட்டுவதற்கு முன் குழாயின் இரு முனைகளையும் டேப்பால் அடைத்து, உள்ளேயும் ஆர்கான் விட்டாள்.

"உள்ள யாரு பாக்கப் போறா? அதுக்கு எதுக்கு கேஸ்?" என்றான் நவ்ஷாத்.

"வெளிய மட்டும் பாத்து ஒட்டினா உள்பக்கம் கருகிடும். அப்புறம் அங்கேருந்துதான் விரியும். நீங்க அந்த ஹோஸைப் பிடிங்க, ஆட்டாம."

அவன் பிடித்துக்கொண்டான். அவள் முகமூடியை இறக்கினாள். பிரேமலதா நீட்டிய இன்னொரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நவ்ஷாத் பார்த்தான். நீல நெருப்பின் நுனியில் ஒரு சொட்டு உலோகம் உருகி நின்றது. ஜெஸிமா அதில் கம்பியைத் தொட்டு எடுத்தாள். நகர்ந்தாள், மறுபடி தொட்டாள். மூச்சு விடுவதுகூடத் தெரியவில்லை. குழாயைச் சுற்றி வருகையில் அவள் உடம்பும் சேர்ந்து சாய்ந்தது. கை மட்டும் ஒரே சீராக நகர்ந்தது.

பதினான்கு வருடமாக நவ்ஷாத் இப்படிப்பட்ட வெல்டர்களுக்குத்தான் சாரம் கட்டியிருக்கிறான். ஆலையில் அவர்களுக்குத் தனி மரியாதை. அவர்கள் ஏறுவதற்காகப் பலகை போட்டுவிட்டு இறங்கி வருகிறவன் அவன். ஒட்டிய இடம் ஆறியதும் குனிந்து பார்த்தான். ஒன்றின்மேல் ஒன்று சரித்து வைத்த காசுகள் மாதிரி ஒரே அளவில் வரி ஓடியது. பொன்னிறம், ஓரத்தில் லேசான நீலம்.

"சிக்ஸ் ஜி டெஸ்ட் பாஸ் பண்ணியிருக்கியா?" என்று கேட்டான். குழாயைச் சாய்த்து நிறுத்தி, அசைக்காமல் சுற்றிலும் ஒட்ட வேண்டிய பரீட்சை அது.

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"போன்ல சொன்னேன் மச்சான். நீங்க அன்னிக்கு ஏர்போர்ட்ல பார்சல் நின்னுபோனதைப் பத்தியே பேசிட்டு இருந்தீங்க."

பிரேமலதா தண்ணீர் பிடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டாள். நவ்ஷாத் மறுபடி குனிந்து அந்த வரியைப் பார்த்தான். "மாஷா அல்லாஹ்" என்றான் மெதுவாக. அவள் முகமூடியை நிமிர்த்தி, "அடுத்த துண்டை எடுங்க" என்றாள்.

சத்தத்தில்தான் இருவருக்கும் கொஞ்சம் உரசல். அவனுக்கு வண்டி அதிர வேண்டும். அவள், "தெருவுல கைக்குழந்தை இருக்கு, பள்ளிவாசல் இருக்கு. சைலன்சருக்குள்ள சத்தத்தை அடக்கற தடுப்பை எடுக்க மாட்டேன்" என்று முடித்துவிட்டாள். சாயங்காலம் இருவரும் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம்வரை போய் வந்தார்கள். இரண்டு சைலன்சரிலும் சத்தம் அடங்கி, கனமாக வந்தது. சிக்னலில் நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள். நவ்ஷாத் ஒருத்தரையும் விடாமல் பதில் சொன்னான்.

அடுத்த சனிக்கிழமை மணப்பாறைக்குக் கிளம்பினார்கள். இனாம்குளத்தூர் தாண்டியதும் அடியில் 'டப்' என்று ஒரு சத்தம். அதன்பின் வண்டி கிழிந்த தகரம்போல் அலற ஆரம்பித்தது. ஓரங்கட்டிப் பார்த்தால், குழாய் பிரியும் இடத்தில் பாதிச் சுற்றுக்கு விரிசல்.

"மெட்ராஸ்லயே..." என்று ஆரம்பித்த நவ்ஷாத் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

ஜெஸிமா மண்ணில் முட்டி போட்டு டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒட்டின இடம் நிக்குது. அதுக்குப் பக்கத்துல விரிஞ்சிருக்கு." தன் கை தப்பவில்லை என்பதில் அவளுக்கு ஆறுதல் ஒன்றும் இல்லை. விரிந்தது அவள் செய்த குழாய்தானே.

ஒரு குட்டி யானை லாரியை மடக்கி வண்டியை ஏற்றினார்கள். பின்னால் புல்லட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வரும்போது நவ்ஷாத் பேச்சுக்கு ஏதோ சொன்னான். "எங்க சைட்ல ஸ்டீம் லைன் நேரா போகாது ஜெஸி. நடுவுல நடுவுல வளைச்சு விட்டிருப்பாங்க. சூடானா பைப்பு நீளும்ல, அதுக்கு இடம்."

ஜெஸிமா திரும்பி அவனைப் பார்த்தாள். "நான் ரெண்டு பக்கமும் போல்ட் போட்டு இறுக்கிட்டேன்" என்றாள். "சூட்டுல அது எங்க போகும்? எஞ்சின் வேற ஆட்டுது. இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீ ஹோஸைப் பிடின்னுதானே சொன்ன!"

லாரிச் சத்தத்தையும் மீறி இருவரும் சிரித்தார்கள்.

விரிந்த இடத்தை மட்டும் அடைத்துவிடலாம் என்று பட்டறையில் ஒருவர் சொன்னதை அவள் கேட்கவில்லை. பிரியும் பகுதி முழுவதையும் அறுத்து எடுத்துப் புதிதாகச் செய்தாள். இடது குழாயின் நடுவில் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நகரும்படி மூட்டு வைத்து, இரண்டு ஸ்பிரிங்கால் இழுத்துப் பிடித்தாள். இடது சைலன்சரைத் தாங்கும் இடத்தில் ரப்பர் வைத்தாள். வேலை முடிந்த பிறகு மாலைகளில் செய்ததால் நான்கு நாள் ஆனது. அப்புறம் திருவெள்ளறைக்கு ஒரு நடை, மணப்பாறைக்கு இரண்டு நடை. ஒவ்வொரு முறையும் இறங்கியதும் முதல் வேலையாக டார்ச்சோடு அடியில் குனிந்தாள். மூன்றாவது முறை எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "இனி நிக்கும், இன்ஷா அல்லாஹ்" என்றாள். நின்றது.

அதைப் பார்த்துவிட்டு நான்கு பேர் கேட்டு வந்தார்கள். சத்தம் அதிகமாக வேண்டும் என்ற இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினாள். மற்ற இருவருக்கும் பிரேமலதாவோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து கொடுத்தாள். தர்மராஜ் அதற்கென்று பட்டறையில் ஒரு மூலையையே ஒதுக்கித் தந்தார்.

லீவு முடிந்து நவ்ஷாத் குவைத் போனான். ஒரு வெள்ளிக்கிழமை கேம்ப்பில் தன்னோடு இருக்கும் மூத்த வெல்டர் ஜேக்கப்பிடம் போனில் ஒரு போட்டோவைக் காட்டினான். குழாயில் ஓடிய அந்த வரி மட்டும் இருந்த போட்டோ. கொல்லத்துக்காரரான ஜேக்கப் கண்ணாடியை ஏற்றி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது ஆரு போட்டது?"

"என் சம்சாரம்."

"சும்மா பறையாதே" என்றார் ஜேக்கப், நம்பாமல்.

நவ்ஷாத் உடனே வீடியோ காலில் கூப்பிட்டான். பட்டறையில் தேநீர் இடைவேளை. நெற்றியில் முகமூடியைத் தூக்கி விட்டபடி ஜெஸிமா திரையில் வந்தாள். ஜேக்கப் வணக்கம்கூடச் சொல்லாமல் எத்தனை ஆம்பியரில் ஒட்டினாள் என்று கேட்டார். அவள் சொன்னாள். கம்பி எந்த அளவு என்று அடுத்த கேள்வி. அவர் மலையாளத்திலும் அவள் தமிழிலுமாகப் பேசிக்கொண்டே போக, அந்தக் கணக்கெல்லாம் ஒன்றும் புரியாவிட்டாலும் கை வலிக்கிறவரை நவ்ஷாத் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான்.