மீன் வண்டியில் போன துப்பாக்கி

எங்கள் வீட்டு இரும்பு பீரோவில், அம்மாவின் கல்யாணப் புடவைக்குப் பின்னால், ஒரு துப்பாக்கி நின்றுகொண்டிருந்தது. இரட்டைக் குழல், பளபளவென்று எண்ணெய் போட்டுத் துடைத்த மரக்கட்டை. இதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. திருவொற்றியூரில் கடலோரத்துச் சந்தில் ஓட்டு வீட்டில் இருக்கிறவளுடைய அப்பாவிடம் துப்பாக்கியா என்று சிரித்தார்கள்.

அப்பா பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். எண்ணூர்ப் பக்கம் ஒரு தனியார் கிடங்கில் காவல் வேலை. சொந்தத் துப்பாக்கியும் உரிமமும் வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும்தான் அந்த வேலை கொடுப்பார்கள். துப்பாக்கி போனால் வேலையும் போகும் என்பது எனக்கும் தெரிந்திருந்தது. தினமும் காலையில் கம்பெனி ஜீப் வாசலுக்கே வந்து அப்பாவையும் துப்பாக்கியையும் ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். வீட்டுக்குள் நுழைந்ததும் துப்பாக்கி பீரோவுக்குப் போய்விடும். தோட்டா டப்பா அடுத்த அறையில் பூட்டு போட்ட மரப்பெட்டிக்குப் போகும். இரண்டும் ஒரே அறையில் தூங்கக் கூடாது என்பார் அப்பா. இரண்டு சாவியும் எப்போதும் அவர் இடுப்பிலேயே இருக்கும்.

தேர்தல் அறிவித்துவிட்டால் உரிமம் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். அதுவரை அப்பா ஒரு மூங்கில் தடியோடு வேலைக்குப் போவார். அப்போது அவர் மீசைகூடக் கொஞ்சம் சிறுத்துவிட்டதுபோல எனக்குத் தோன்றும்.

எனக்கு ஒன்பது வயதில் அப்படி ஒரு தேர்தல் வந்தது. அப்பாவுக்கு வார விடுமுறை நாள். அன்றைக்குக் கம்பெனி ஜீப் வராது. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் பஸ்ஸே காலியாகிவிடும். அதனால் மாமாவின் வண்டிக்குச் சொல்லியனுப்பினார்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. காசிமேட்டிலிருந்து மார்க்கெட்டுகளுக்கு மீன் ஏற்றும் ஒரு சின்ன வேன் வைத்திருந்தார். பின்கதவின் பூட்டு எப்போதோ உடைந்துபோய், ஒரு நைலான் கயிற்றால் கட்டி வைத்திருப்பார். வாயைத் திறந்தால் சிரிப்பு, வண்டியைத் திறந்தால் வாடை. அப்பாவுக்கு முதலாவது பிடிக்கும், இரண்டாவது பிடிக்காது. துப்பாக்கியின் காக்கிக் கான்வாஸ் உறையில் மீன் தண்ணீர் படாமல் இருக்க வண்டியின் தரையில் இரண்டு சாக்கு விரித்து, அதன்மேல் படுக்க வைத்தார். அந்த வாரம் எனக்குப் புதுநன்மை, மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு எனக்கு வெள்ளை ஷூ வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்ததால் நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

பாதி வழியில் அப்பாவுக்கு நினைவு வந்தது. உரிமத்தின் ஜெராக்ஸ் இரண்டு வேண்டும். மார்க்கெட்டுக்கு முந்தின தெருவில் மாமா வண்டியை ஓரங்கட்டினார். துப்பாக்கியோடு ஜெராக்ஸ் கடைக்குள் போக முடியாது. அப்பா தோட்டா டப்பாவை மட்டும் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார். இறங்கியவர் திரும்பி ஜன்னலுக்கு வந்து, "மச்சான், நான் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் வண்டிய விட்டு எறங்கக் கூடாது" என்றார்.

"நீ போ மாமு. நான் கீறேன் இல்ல" என்றார் மாமா.

அந்தக் கடையில் கரண்ட் இல்லை போலிருக்கிறது. அப்பா வெளியே வந்து அடுத்த தெருவுக்கு நடப்பது தெரிந்தது. வெயில் இல்லாத, மேகம் மூடின காலைதான். ஆனாலும் வண்டிக்குள் புழுங்கியது. கொஞ்ச தூரத்தில் ரோஸ்மில்க் கடை. அங்கே மாமாவின் தோஸ்து ஒருத்தர் நின்றுகொண்டு கையாட்டினார். மாமா ஒரு நிமிஷம் யோசித்தார் என்றே நினைக்கிறேன். அப்புறம், "வா பாப்பா, ஒரே ஓட்டமா ஓடியாந்துடலாம்" என்றார். அப்பா சொன்னது என் காதிலும் விழுந்திருந்தது. ஆனால் மாமா பெரியவர், ரோஸ்மில்க் குளிர்ச்சி. நான் இறங்கிவிட்டேன்.

ஒரே ஓட்டம் என்றது, தோஸ்துவின் புதுப் படகு, அதன் என்ஜின், அதை வாங்கின கதை என்று நீண்டுவிட்டது. என் டம்ளரில் ஐஸ் மட்டும் மிச்சமிருந்தபோது திரும்பினோம். வண்டியின் பின்கயிறு அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சாக்கு இரண்டும் விரித்தபடியே இருந்தன. மேலே படுத்திருந்ததைக் காணவில்லை.

மாமா சாக்கைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சாக்கை உதறிப் பார்த்தார். நாலடி நீளத் துப்பாக்கி உதறினால் விழும் என்று நினைத்தாரோ என்னவோ. அப்போதுதான் கையில் இரண்டு தாளைப் பிடித்துக்கொண்டு அப்பா வந்து சேர்ந்தார்.

அப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. முகம் வெளுத்துப்போய், கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டிக்கொள்ள, அணிவகுப்பில் நிற்பதுபோல நின்றார். "எங்க?" என்று மட்டும் கேட்டார். குரல் அவருடையதாக இல்லை.

"மாமு, சத்தியமா ரெண்டே நிமிசம்தான். கொயந்தைக்கு ரோஸ்மில்க் வாங்கப் போனேன். எவனோ தூக்கினு பூட்டான் மாமு" என்று மாமா அழ ஆரம்பித்துவிட்டார். பெரிய ஆம்பிளை தெருவில் நின்று அழுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்தது. என் பேர் இதில் வந்துவிட்டதே என்பதும் அதற்கு ஒரு காரணம்.

"அது கெட்டவன் கையில கெடச்சா என்ன ஆகும் தெரியுமாடா" என்றார் அப்பா. மாமாவை அவர் டா போட்டது அதுதான் முதல் தடவை. "ஸ்டேஷனுக்குப் போயி இப்பவே சொல்லணும். ஏறு."

"ஒரே ஒரு தபா தேடிப் பார்த்துடறேன் மாமு" என்று மாமா வண்டிக்குள் தாவி, காலி மீன் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி வெளியே போட்டார். ஆறாவது பெட்டிக்கு அடியில் நீளமாக, காக்கிக் கான்வாஸ் உறையில், அது படுத்திருந்தது.

மாமா சிலுவை போட்டுக்கொண்டார். அப்பா கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். நான் கைதட்டினேன். அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கியதுமே அவர் முகம் மாறியது. முடிச்சை அவிழ்த்து இழுத்தார். உறைக்குள்ளிருந்து நீலமும் மஞ்சளுமாய்ச் சாயம் போன ஒரு பெரிய குடை வெளியே வந்தது.

மூன்று பேரும் அந்தக் குடையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் வாயைத் திறந்தவர் மாமாதான். "ஐயோ, இது மார்க்கெட்டு அக்கா கொடை."

மார்க்கெட்டில் மீன் விற்கிற ஒரு அம்மாவின் கூடையையும் கடைக் குடையையும் தினமும் மாமாதான் ஏற்றிக்கொண்டு வருவார். வியாபாரம் முடிந்ததும் குடை வண்டியிலேயே கிடக்கும். அப்பா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த கான்வாஸ் துணியில் துப்பாக்கிக்கு உறை தைத்தது போக மிஞ்சியதை மாமா கேட்டு வாங்கி, அதே தையல்காரரிடம் கொடுத்து அந்த அம்மாவின் குடைக்கும் ஓர் உறை தைத்திருந்தார். இன்றைக்கு எங்களுக்காக மாமா சவாரியை விட்டதால், அந்த அம்மா கூடையோடு ஷேர் ஆட்டோவில் வந்திருக்கிறார். தெருவில் வண்டி நிற்பதைப் பார்த்து, கயிற்றை அவிழ்த்து, தன் குடை என்று நினைத்துத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

மார்க்கெட்டுக்குள் அப்பா ஓடியதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். ஐஸ் தண்ணீர் வழிகிற தரையில், ஒரு தடவைகூட வழுக்காமல், ஆட்களை இடிக்காமல் ஓடினார். பின்னால் மாமா. மாமாவின் கையில் நான். என் கையில் குடை.

அந்த அம்மா சங்கரா மீனைச் செதில் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காக்கி உறை அவிழ்க்காமல் அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தது. நாங்கள் நெருங்கும்போது ஒரு பூனை கூடையை நோக்கி வந்தது. அந்த அம்மா திரும்பாமலே கையைப் பின்னால் விட்டு உறையை எடுத்து, தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பூனை ஓடியது. அப்பாவின் உயிரும் கூடவே ஓடியிருக்கும்.

"யக்கா, அத்த கீழ வையி! அது கொடை இல்ல!" என்று மாமா அலறினார்.

"பின்ன இன்னாடா?"

அப்பா குனிந்து மெதுவாக அதை அவர் கையிலிருந்து வாங்கினார். அங்கே திறக்கவில்லை. உறைக்கு மேலாகவே தடவி, கட்டை, விசை, குழல் என்று தொட்டுத் தொட்டுத் தெரிந்துகொண்டார். மாமா அந்த அம்மாவின் காதில் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா மீன் கையை அப்படியே தலையில் வைத்துக்கொண்டார்.

"அதான் பார்த்தேன். இன்னாடா, கொடை ஒரே நாள்ல இப்டி எளச்சிப் போச்சேன்னு" என்றார். மேகமாக இருந்ததால் விரிக்கவில்லையாம். வெயில் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். பக்கத்துக் கடைக்காரர்களுக்கு அப்பா ஏன் ஒரு குடையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார் என்பது புரியவே இல்லை. அந்த அம்மா அப்பாவுக்கு ஒரு சோடாவும் எனக்கு நாலு சங்கராவும் கொடுத்தார்.

வண்டிக்குத் திரும்பும்போது மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வுடு மாமு, கெடச்சிடுச்சி. ஸ்டேஷன்ல குடுத்துட்டு வந்துகினே இருப்போம். யாருக்கு இன்னா தெரியப்போவுது?"

அப்பா துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்னால் சாக்கின் மேல்.

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் அம்மா உரிமத்தையும் துப்பாக்கியின் எண்ணையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடப்போனார். அப்போது அப்பா, "மேடம், ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்துவிட்டார். வாசலில் நின்ற மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். பூட்டில்லாத வண்டியில் துப்பாக்கியை வைத்துவிட்டு இறங்கினேன், கால் மணி நேரம் அது என் பொறுப்பில் இல்லை, வேறொருவர் கைக்குப் போய்த் திரும்பியது என்று அப்பா சொன்னார்.

இன்ஸ்பெக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "பட்டாளத்துல இருந்த ஆளு, நீங்களே இப்படி செஞ்சா எப்படி? கால் மணி நேரத்துல என்ன வேணா நடந்திருக்கும். வண்டியில யாரும் இல்லையா?"

நான் வாயைத் திறந்தேன். செய்த தப்பைச் சாமியாரிடம் வாய்விட்டுச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்தைப் புதுநன்மை வகுப்பில் அப்போதுதான் படித்திருந்தேன். இறங்கினது மாமாவும் நானும் என்று சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சு முட்டியது. அப்பாவின் கை என் தோளில் வந்து உட்கார்ந்தது. அழுத்தவில்லை, சும்மா உட்கார்ந்தது.

"உரிமம் என் பேர்ல இருக்கு மேடம். விட்டுட்டுப் போனது நான்தான்" என்றார்.

இன்ஸ்பெக்டர் அம்மா அதையே எழுதித் தரச் சொன்னார். மேலிடத்துக்கு அனுப்பப் போவதாகவும், திரும்பத் தருவதா வேண்டாமா என்பதைத் தேர்தல் முடிந்து பார்க்கலாம் என்றும் சொன்னார். அப்பா நிமிர்ந்து ஒரு சல்யூட் வைத்தார். எனக்கோ மனசே ஆறவில்லை. அப்பா போலீசிடம் பொய் சொல்லிவிட்டார், அதுவும் புதுநன்மை வாரத்தில். அவருக்காக அன்று கூடுதலாகப் பத்து அருள்நிறை மந்திரம் சொன்னேன். ஷூ வாங்க மறந்துபோனதால், அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கின ஷூவோடுதான் கோயிலுக்குப் போனேன்.

அதற்கப்புறம் மாமா எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. அம்மா தம்பியின் பேரை எடுப்பதில்லை. அப்பா தடியோடு வேலைக்குப் போய்வந்தார். கிடங்கில் இன்னும் எத்தனை நாள் தடியோடு விடுவார்கள் என்று அம்மா ஒரு நாள் கேட்டாள். அப்பா தெரியாது என்றார்.

தேர்தல் முடிந்து சில வாரங்கள் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தது. எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். ஆனால் இனிமேல் அதை எந்த வண்டியில், எப்படிப் பூட்டி எடுத்துப்போகப் போகிறார் என்று காட்டினால்தான் துப்பாக்கியைத் தருவதாக இன்ஸ்பெக்டர் அம்மா சொல்லியிருந்தார். ஜீப்புக்குக் கம்பெனியே ஒரு பெட்டி வைத்துக் கொடுத்துவிட்டது, துப்பாக்கியும் பீரோவுக்குத் திரும்பியது. எங்களுக்கு அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனார். மாமா கதவுக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"வண்டிய எடு மச்சான், பட்டறைக்குப் போவணும்" என்றார் அப்பா.

வெல்டிங் பட்டறையில் ஐந்தடி நீளத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி தயாராக இருந்தது. அதை வேனின் தரையோடு போல்ட் வைத்து முடுக்கினார்கள். பின்கதவுக்கும் புதுப் பூட்டு. பெட்டிக்கு இரண்டு பூட்டு. இரண்டையும் திறந்தால்தான் மூடி எழும். அப்பா பூட்டி, இழுத்து, தட்டி, எட்டி உதைத்துக்கூடப் பார்த்தார். பிறகு ஒரு சாவியைத் தன் இடுப்பில் கோத்துக்கொண்டார். இன்னொன்றை மாமாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"நான் வந்தாலும் நீ இல்லாம இது திறக்காது" என்றார்.

மாமா சாவியைச் சட்டைப் பையில் போட்டார், எடுத்துப் பார்த்தார், மறுபடி போட்டார். திரும்பி வருகிற வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓட்டினார். மீன் வாடைக்கே சளைக்காத மனிதருக்குப் பட்டறைப் புகை ஆகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவைப் பற்றித்தான் எனக்குக் கவலையாக இருந்தது. துப்பாக்கியைத் தொலைத்தவர் கையிலேயே சாவியைக் கொடுக்கிறாரே, பட்டாளத்தில் இருந்த மனிதருக்கு இவ்வளவு சீக்கிரம் எல்லாம் மறந்துபோய்விட்டதே என்று, வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னேன்.