எத்தனை மாசம் என்று கேட்க வைக்காத டாப்

தைக்கக் கொடுக்க வருகிற எவரும் "நான் குண்டாயிட்டேன்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. துணி சுருங்கிப்போய்விட்டது என்பார்கள். போன தடவை நீங்கள் கொஞ்சம் பிடித்துத் தைத்துவிட்டீர்கள் என்பார்கள். அடுத்தவரைப் பற்றிச் சொல்வதென்றாலும் அதே பக்குவம்தான். பூசினாற்போல இருக்கிறாள், உடம்பு வைத்திருக்கிறாள், கல்யாணத்துக்கு அப்புறம் முகத்துக்கே களை வந்திருக்கிறது. நெரவியில் எங்கள் வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டு உட்கார்ந்த நாளிலிருந்து இந்தப் பேச்சுகளைக் கேட்டு எனக்கு அதில் ஒரு ருசியே வந்துவிட்டது. தையலை நான் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. பழைய ஜாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தும், போனில் வீடியோ பார்த்தும் பழகியது. பேச்சு மட்டும் தைக்க வந்தவர்களிடம் படித்தது.

ஆனால் ஒரு பேச்சு எங்கள் வீட்டில் யாருக்கும் ருசிக்கவில்லை.

என் கொழுந்தனார் மனைவி, அதாவது என் ஓரகத்தி, எங்களோடுதான் இருக்கிறாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன, குழந்தை இல்லை. கை கால் எல்லாம் குச்சி மாதிரி இருக்கும், வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் நிற்கும். புடவை கட்டினால் தெரியாது. சுடிதார் போட்டால் துப்பட்டா பார்த்துக்கொள்ளும். போன வருடம் காரைக்காலில் ஒரு செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே எல்லாருக்கும் கருநீல டீ-ஷர்ட். ஆண்கள் உடம்புக்கு வெட்டியது. தோளில் தொளதொளவென்று தொங்கும், வயிற்றில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும்.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒரு அம்மா போன் பார்க்க வந்தவர், "எத்தனை மாசம்மா?" என்று கேட்டிருக்கிறார். அடுத்து ஒரு பெரியவர், நீ நிற்காதே, உட்கார்ந்துகொண்டே காட்டு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தானே நாற்காலியை இழுத்துப் போட்டாராம். கேட்கிறவர்கள் யாரும் கெட்ட மனசோடு கேட்கவில்லை. அதனால் கோபப்படவும் ஆள் கிடையாது. இல்லைங்க என்று சொன்னால் விடுவார்களா? அப்படியென்றால் எத்தனை பிள்ளைகள் என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கும் இல்லைங்க என்று சொல்ல வேண்டும். அதோடு அவர்கள் முகம் மாறும், இவளுக்காக வருத்தப்படுவார்கள். போன் வாங்க வந்தவர்களை இவள் தேற்றி அனுப்ப வேண்டும்.

ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சொன்னாள். "வேலை புடிச்சிருக்குக்கா. வர்றவங்ககிட்ட பேசிக்கிட்டே இருக்கிற வேலை, எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. ஆனா இன்னும் ஒருத்தர் கேட்டாங்கன்னா, கையில இருக்கிற போனை அப்படியே வச்சுட்டு பஸ் ஏறி வந்துருவேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. கடைக்காரரிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். நிறம் அதே கருநீலமாக இருந்தால் போதும், எப்படித் தைத்துப் போட்டாலும் சரி என்று அவர் சொல்லிவிட்டார்.

பனியன் துணியை நான் அதுவரை தொட்டதில்லை. திருமலைராயன்பட்டினத்தில் ஒரு முஸ்லிம் அம்மா வீட்டிலேயே திருப்பூர் வெட்டுத்துண்டுகளை எடைபோட்டு விற்கிறார். கருநீலத்தில் ஒரு துண்டை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார். "நல்ல துணின்னா இழுத்தா வரணும், விட்டா தன் எடத்துக்குப் போயிரணும். எங்க வீட்டு மாப்பிள்ளை மாதிரி இழுத்த எடத்துலயே நிக்கக்கூடாது." அவர் மருமகன் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரும் சிரித்தார்.

எங்கள் பக்கத்தில் உடம்பளவு எடுக்கிற பழக்கம் குறைவு. பொருந்துகிற ஜாக்கெட் ஒன்றை அளவு ஜாக்கெட் என்று கொண்டுவந்து போடுவார்கள், அதைத் துணிமேல் பரப்பி வெட்டுவோம். இன்னொரு பழக்கம், பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் துணியை மடித்து விடுவது. நாளைக்கு உடம்பு வைத்தால் பிரித்துக்கொள்ளலாம் அல்லவா? துணி விடாத தையல்காரியை இங்கே யாரும் மதிக்க மாட்டார்கள். நானும் அப்படியே செய்தேன். அவள் சுடிதாரைப் பரப்பி, அதற்கு மேலும் கொஞ்சம் தாராளம் வைத்து, உள்ளே துணியும் விட்டு, மார்புக்குக் கீழே சுருக்கம் கொடுத்து வயிற்றின் மேல் குடை மாதிரி விழ விட்டேன். மறைக்க வேண்டுமென்றால் மூட வேண்டும் என்பது என் கணக்கு. அவளும் லூசாகவே இருக்கட்டும் என்றுதான் கேட்டாள்.

மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டு வாசலுக்கு வந்தாள். அதே நேரத்தில் ஷேர் ஆட்டோவில் மீன்காரம்மா வந்து இறங்கினார். திருமலைராயன்பட்டினத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வருகிறவர். அவளை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வாயும் வயிறுமா இருக்கிற புள்ளய கூட்ட பஸ்ஸுல அனுப்புறியே, நீயெல்லாம் ஒரு அக்காவா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

நான் கேட்ட நெத்திலியை அளந்து போட்டுவிட்டு, மேலே இன்னொரு கை அள்ளிப் போட்டார். "இது ஒனக்கு இல்ல. உள்ள இருக்கிறதுக்கு." நான் வாயைத் திறப்பதற்குள் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். மறுநாளிலிருந்து மீன்பிடித் தடைக்காலம், இனிமேல் படகு கடலுக்குப் போனால்தான் வருவேன், புள்ளயப் பாத்துக்க என்று சொல்லிக்கொண்டே ஏறிப் போய்விட்டார்.

ஓரகத்தி பஸ்ஸுக்குப் போகவில்லை. உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன். பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. டாப்பின் இரண்டு பக்கத்தையும் முஷ்டியில் கொத்தாகப் பிடித்து மேலே இழுத்தாள்.

"இப்படிப் புடிச்சுக் கட்டிப்போட்டாத்தான் அடங்கும்போல."

அவள் இழுத்ததில் துணி இரண்டு பக்கத்திலிருந்தும் சாய்வாக மடிப்பு மடிப்பாக வயிற்றின் குறுக்கே வந்து விழுந்திருந்தது. பார்த்தால் வயிறு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. மடிப்புதான் தெரிந்தது.

"கையை எடுக்காம அப்படியே நில்லுடி" என்றேன்.

கொடியிலிருந்து துணி கிளிப்புகளைக் கழற்றிவந்து அவள் பிடித்திருந்த இடத்தில் மாட்டினேன். முதுகுப் பக்கம் தொங்கியதையும் கிளிப்பால் பிடித்தேன். தோளில் தொங்கியதை மடித்து ஊக்குக் குத்தினேன். தோள் எலும்பின் மேல் தையல் வந்து உட்கார்ந்ததும் ஆளே நிமிர்ந்த மாதிரி இருந்தது. லூசாக இருக்க வேண்டிய இடம் வயிறு மட்டும்தான், அதுவும் கொஞ்சம். மேலே எல்லாம் அவள் அளவுக்கு ஒட்டி இருக்க வேண்டும். அன்றைக்குக் கடைக்குப் போன் செய்து தலைவலி என்று சொல்லிவிட்டாள்.

மறுபடி பட்டினம் போய் அதே துணி எடுத்துவந்தோம். இந்தத் தடவை சுடிதாரைத் தொடவில்லை. டேப்பை அவள் உடம்பிலேயே வைத்து அளந்தேன். இழுபடுகிற துணி என்பதால் மார்பளவை உடம்பைவிட ஒரு விரல் குறைத்து வெட்டச் சொல்லியிருந்தார்கள் வீடியோவில். கத்தரிக்கோல் கையில் இருக்கும்போது அது எவ்வளவு பயமான காரியம் என்பது இத்தனை காலமாகத் துணி விட்டுத் தைத்த எனக்குத்தான் தெரியும். முன்துண்டின் பக்க ஓரங்களைப் பின்துண்டைவிட நீளமாக வெட்டி, அந்த அதிக நீளத்தை, அவள் முஷ்டியில் பிடித்த அதே இடத்தில், இரண்டு பக்கத் தையலிலும் சுருக்கிப் பின்துண்டின் அளவுக்குக் கொண்டுவந்தேன். கழுத்தைக் கொஞ்சம் கூராக இறக்கினேன், பார்க்கிறவர் கண் முதலில் முகத்துக்குப் போகட்டும் என்று. கை முழங்கைக்குச் சற்று மேலே நின்றது.

நேர்த்தையல் போட்டால் துணி நீளும்போது நூல் அறுந்துவிடுகிறது. நெளித்தையல் போட வேண்டும், ஊசியும் நுனி மழுங்கியதாக இருக்க வேண்டும். துணியைக் கையால் இழுக்கவே கூடாது, மெஷின் தானாக வாங்கிக்கொள்ள விட வேண்டும். இழுத்துத் தைத்த ஓரம் அப்பளம் பொரிந்த மாதிரி நெளிந்துகொள்கிறது. அடி மடிப்பை அதனாலேயே ஒருமுறை பிரித்துத் தைத்தேன். உள்ளே விடுகிற துணி? விடவில்லை. தையலை ஒட்டி வெட்டிப்போட்டேன். முதல் டாப்பில் பக்கத்தில் தடித்து நின்று இடுப்பை அகலமாகக் காட்டியது அதுதான்.

போட்டுப் பார்த்துவிட்டுப் பக்கவாட்டில் திரும்பினாள். மறுபக்கம் திரும்பினாள். "இது நானாக்கா?" என்றாள், அவ்வளவுதான்.

கடையில் யாரும் கேட்கவில்லை. முதல் வாரம் சாயங்காலம் வந்ததும் அவளாகவே "இன்னைக்கும் இல்ல" என்பாள். அப்புறம் அதைச் சொல்வதையும் விட்டுவிட்டாள். கடையில் கூட வேலை செய்கிற பெண் எங்கே எடுத்தது என்று கேட்டாளாம். வேலையை விடுகிற பேச்சு அடுக்களையில் மறுபடி எழவில்லை. அதே போல இன்னும் இரண்டு தைத்துக் கொடுத்தேன்.

தடைக்காலம் முடிந்து படகுகள் போக ஆரம்பித்தன. ஒரு காலையில் மீன்காரம்மா வந்தார். ஓரகத்தி பஸ்ஸுக்காக வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். மீன்காரம்மா அவள் வயிற்றைப் பார்த்தார். கூடையை இறக்கி வைத்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்தார். குரல் அடங்கிப்போயிருந்தது.

"எப்ப ஆச்சு ஆயி? உடம்பு தேறிட்டியா? எனக்கு யாருமே சொல்லலியே."

கரு கலைந்துவிட்டது என்று நினைத்துவிட்டார், எனக்குச் சட்டென்று புரிந்தது. சொல்லிவிடலாம் என்று முன்னால் வந்தேன். அதற்குள் அவளே பேசிவிட்டாள்.

"ஒண்ணும் ஆகலம்மா. அப்பவும் ஒண்ணும் இல்ல. அது வெறும் தொப்பை."

"தொப்பையா?"

"தொப்பைதான். இப்பவும் இருக்கு. அக்காதான் தையல்ல ஒளிச்சு வச்சிருக்கு."

இத்தனை நாள் யாரிடமும் அவள் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டுச் சிரித்தாள். மீன்காரம்மா பக்கச் சுருக்கத்தை விரலால் தூக்கிப் பார்த்தார், விட்டார், என்னை முறைத்தார்.

"அடிப்பாவிகளா. ஒரு தொப்பைக்கா நான் மாதாவுக்கு மெழுகுவத்தி நேந்துகிட்டேன்? தடைக்காலம் முழுக்க ஒம் புள்ளைக்குத்தான் வேண்டிக்கிட்டுக் கெடந்தேன்."

ஓரகத்தியின் முகத்தைப் பார்த்தேன். அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது.

"நேந்தத ஏத்திருங்கம்மா. வேணாம்னா சொன்னேன்?"

சொல்லிவிட்டு ஓடினாள். மீன்காரம்மா அவள் ஏறுகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார். "பெருசா ஒண்ணா வாங்கி ஏத்துறேன்" என்று யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். பிறகு கூடையின் மேல் போட்டிருந்த ஈரத்துணியை எடுத்துவிட்டு, காரப்பொடி மீன் வந்திருக்கிறது, வேண்டுமா என்று என்னிடம் கேட்டார்.