பலே மாஸ்டரின் அரை நொடி

நாய் பழக்குகிறவரை எல்லோரும் பலே மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பு பஸ் கண்டக்டர். டிரைவரோடு கைகலப்பாகி வேலை போனது. விசில் ஊதிப் பழகிய மனுஷனுக்கு நேரம் தப்பாது. நாய் உட்காரும் அதே நொடியில் "பலே!" என்பார். உடனே ஈரல் துண்டு ஒன்று அதன் வாய்க்குப் போய்விடும்.

எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பாட்டுத்தான். "பரிசுக்கு முன்னால சொல்றது, வீட்ல யாரும் வாய்தவறிக்கூடச் சொல்லாத வார்த்தையா இருக்கணும்மா. அரை நொடி பிந்தினீங்க, உக்காந்ததுக்கு இல்ல, எந்திரிச்சதுக்குப் பரிசுன்னு நெனச்சுக்கும்."

நாய்களிடம் இத்தனை பொறுமை காட்டுகிறவர், மனைவி ஒரு கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் எரிந்து விழுவார். அதில் அவருக்கு வெட்கமும் கிடையாது.

டைல்ஸ் கடைக்காரர் வீட்டில் நாயோடு சேர்ந்து பாடம் கற்றவள் அவர் மனைவி, அந்த வீட்டு மருமகள். கெட்டிக்காரி. இரண்டே வாரத்தில் மாஸ்டரை மிஞ்சிவிட்டாள். ஆனால் சில மாதம் கழித்துக் கடைக்காரர் பதறிப்போய்ப் போன் செய்தார். நாய் அவருடைய அப்பாவை மட்டும் சாப்பாட்டு மேஜைக்கு வர விடுவதில்லையாம்.

மாஸ்டர் போய்ப் பார்த்தார். பெரியவர் கைத்தடியோடு அறையை விட்டு வந்ததும் நாய் வழிமறித்து நின்று உறுமியது. உறுமிவிட்டு, அது பெரியவரைப் பார்க்கவில்லை. மருமகளின் கையைப் பார்த்தது.

மாஸ்டருக்குப் பொறி தட்டியது. சமையலறைக்குப் போய் அவளிடம் கேட்டார்.

"ஆமா, நாந்தான்" என்றாள், தட்டைக் கழுவிக்கொண்டே. "நாள் முழுக்க இருமிக்கிட்டே எதிர்ல உக்காந்தா யாருக்கு சோறு எறங்கும்? அவரப் பாத்து அது உறுமினப்பல்லாம் சரியா அரை நொடிக்குள்ள 'பலே' சொன்னேன் மாஸ்டர். நீங்க சொன்ன மாதிரியே. அப்புறம், என் தோழிங்க மூணு பேரு குட்டி வாங்கியிருக்காங்க. உங்களத்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

அந்த நேரத்திலும் மாஸ்டருக்கு உள்ளுக்குள் பெருமைதான் பொங்கியது. என்ன மனுஷனோ!

கூடத்தில் கடைக்காரர் காத்திருந்தார். "பழக்குனதுல ஏதாவது கோளாறா மாஸ்டர்? அப்படின்னா மாத்திடலாம். அப்பா இங்கயே இருக்கட்டும்."

"பழக்குனதுல கோளாறு இல்ல சார். சிலரை அதுக்குப் புடிக்காது. என்னைக்காவது கடிச்சு வெச்சிரும்."

அவ்வளவுதான். முதியோர் இல்லத்தில் இடம் பார்த்தார்கள்.

பெரியவர் கிளம்பும் நாளில் நாயைப் பிடித்துக்கொள்ள மாஸ்டரையே வரச் சொன்னார்கள். வாசலில் கார் நின்றது. மகன் பெட்டியை எடுக்க உள்ளே போயிருந்தார். பெரியவர் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து அந்தக் கையை நக்கியது.

பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. "மாஸ்டர், பாத்தீங்களா! புடிச்சிருக்கு அதுக்கு! என் பையன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

மாஸ்டர் குனிந்து நாயின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தார். மகன் பெட்டியோடு வந்தார், பின்னாலேயே மருமகளும் வந்தாள். அவளைக் கண்டதும் நாய் விறைத்து நின்று பெரியவரைப் பார்த்து உறுமியது.

பெரியவர் கையை இழுத்துக்கொண்டார். "இல்லடா, இல்லடா, போயிடறேன்" என்று நாயிடம் சொல்லிவிட்டு அவசர அவசரமாகக் காரில் ஏறினார்.