பையைப் பார்த்துக்கொள்பவள்

ஆடி அமாவாசைக்கு மணமேல்குடிக் கடலில் வீட்டார் எல்லோரும் முழுகும்போது, கரையில் பைகளோடு உட்காருவது நான்தான். கல்யாணமாகி ஆலங்குடிக்கு வந்த நாளிலிருந்து அது என் வேலை.

போன வருடம் மகள் என்னை கிரீஸ் நாட்டுத் தீவு ஒன்றுக்கு அழைத்துப் போனாள். கடற்கரைக்கு வந்ததுமே, "அம்மா, பையப் பாத்துக்க, குளிச்சுட்டு வந்துர்றோம்" என்று கணவனோடும் பிள்ளைகளோடும் கடலுக்குப் போய்விட்டாள். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அந்தப் பையில்தான். அதன் கைப்பிடியில் என் முந்தானையை முடிந்துகொண்டேன்.

பக்கத்தில் படுத்திருந்த வெள்ளைக்கார அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து, பையைத் தொட்டுத் தன்னைக் காட்டினார். கடலைக் காட்டி என்னைப் போகச் சொன்னார்.

"வேணாங்க, நான் இங்கிட்டே இருந்துக்குறேன்" என்றேன், அவருக்குத் தமிழ் தெரியும் என்பதுபோல. அவர் விடவில்லை. முடிச்சை அவிழ்த்தேன்.

முழங்கால் தண்ணீரில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் பையைத் தூக்கிக் காட்டினார். கடைசியில் பார்ப்பதை விட்டுவிட்டுத் தண்ணீரிலேயே உட்கார்ந்தேன். எவ்வளவு களைத்துப்போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மகள் ஓடி வந்தாள். "பை எங்கம்மா?"

"அங்கிட்டு ஒருத்தங்க பாத்துக்கிறாங்க" என்றேன். எழுந்திருக்க மனம் வரவில்லை.