பெய்ஷெனின் பகல் தூக்கம்

நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் பெய்ஷென் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால், முந்தின ஷிப்ட் குபாத் இவ்வளவு நேரம் வேலை செய்யாமல் உட்கார்ந்தே இருந்திருக்கிறான். சில்லிட்டிருந்தால், நேரத்துக்கு முன்னாடியே கம்பி நீட்டியிருக்கிறான். எப்படிப் பார்த்தாலும் குபாத் மாட்டிக்கொள்வான். இத்தனைக்கும் குபாத் தங்கமானவன், வாய் நிறைய 'பெய்ஷென் அண்ணே' என்றுதான் கூப்பிடுவான். அந்த மரியாதைதான் அவருக்கு இடிக்கிறது. "காரியம் இல்லாம ஒருத்தன் இத்தனை அண்ணே போடுவானா?" என்பார்.

நரீன் என்கிற மலையூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவர் வேலை. மீசை கறுப்பாக இருந்த நாளிலிருந்து அதே அறைதான். வருகிறவர்களில் பாதிப் பேர் குதிரையிலிருந்து விழுந்தவர்கள். கையைப் பலகைமேல் திருப்பி வைத்துக்கொண்டே விசாரிப்பார்: "குதிரை தள்ளுச்சா, கூட வந்தவன் தள்ளினானா?" வலியில் துடிக்கிறவன்கூட ஒரு நிமிஷம் யோசித்துப் பார்ப்பான். அதற்கப்புறம் ஊரில் ரெண்டு குடும்பத்துக்கு ஆகாமல் போனதும் உண்டு. எக்ஸ்ரே கதிரோடு வேலை செய்கிறவர்களுக்கு உடம்புக்கு ஈடாக ஆஸ்பத்திரி பால் பாக்கெட் கொடுக்கும். அதைக் காதோரம் வைத்துக் குலுக்குவார். "தண்ணிச் சத்தம் கேக்குது" என்று முனகிவிட்டு, மிச்சம் வைக்காமல் குடிப்பார்.

முன்பெல்லாம் கதிர் வேலைக்கு நேரம் குறைவு. காலையில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார். புது ஸ்கேன் மெஷின் வந்ததும் அந்தச் சுகம் போயிற்று. மெஷின் தூங்காதாம், அதனால் ஆளும் தூங்கக் கூடாதாம். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் சாயங்காலம், ஒரு வாரம் ராத்திரி. அந்த முறையாவது ஒழுங்காக நடந்தால் சரி என்று விடலாம். மூத்த நர்ஸ் ரைசா, யாருக்காவது காய்ச்சல், யார் வீட்டிலாவது கல்யாணம் என்று போன் போட்டு எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே இருப்பாள். ரைசாவுக்கு அதில் ஒரு சுகம் என்பது பெய்ஷெனின் கட்சி. பாவம், அவளுக்கு இருக்கிற தலைவலி அவளுக்கு.

தூக்கம் கெட்டதை அவர் பெரிசுபடுத்தியதில்லை. உறங்காமல் இருக்கச் சட்டைப் பையில் உப்புத் தயிர் உருண்டைகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வாயில் அடக்கிக்கொள்வார். பகலில் தூங்க, ஆஸ்பத்திரி கழித்துப்போட்ட ஈயம் வைத்த ஏப்ரனைக் கொண்டுவந்து படுக்கையறை ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறார். சூரியனும் வராது, எக்ஸ்ரேயும் வராது. ஆனால் சத்தம் வருமே! ஊரே விழித்திருக்கும்போது தான் மட்டும் தூங்குவது, கதவைத் திறந்துபோட்டுவிட்டு வெளியூர் போன மாதிரி அவருக்கு. கண்ணை மூடினால் சமையலறையில் பேச்சு தணிகிறது. எதற்குத் தணிகிறது? தூங்குகிற மனுஷனுக்காகத் தணிகிறது என்று வேறு யாராக இருந்தாலும் நினைப்பார்கள். இவர் எழுந்து, சாக்ஸ் காலோடு சத்தமில்லாமல் போய்த் தேநீர்ப் பாத்திரத்தைத் தொட்டுப் பார்ப்பார்.

"நான் படுத்ததும் இந்த வீட்டுல என்னமோ நடக்குது" என்று குபாத்திடம் ஒருநாள் சொன்னார். சும்மா சொல்லக் கூடாது, நடக்கத்தான் செய்தது.

அவருக்கு ஒரே மகள், எல்னூரா. மருந்துக் கடையில் வேலை. அவளைப் பெண் கேட்டு முன்பு ஒரு குடும்பம் வந்தது. ஆடு அறுத்து, கறி பரிமாறி, எல்லாரும் கை துடைத்துக்கொண்டு நல்ல வார்த்தை பேச ஆரம்பித்த நேரத்தில், பையனுடைய நெஞ்சுப் படம் ஒன்று வேண்டும், தானே எடுத்துக்கொள்கிறேன் என்றார் பெய்ஷென். வந்தவர்கள் தேநீர்கூடக் குடிக்காமல் எழுந்துபோனார்கள். அடுத்து வந்த குடும்பத்தின் ஆட்டு மந்தை அவர்களுடையதுதானா என்று பார்க்க, சந்தைக்குப் போய் அந்த வீட்டுப் பெரியவர் பின்னாலேயே சுற்றினார். பெரியவர் திரும்பிப் பார்த்துவிட்டார். அந்தச் சம்பந்தமும் அங்கேயே முடிந்தது. எல்னூரா அழுது தீர்த்தாள்.

இந்தக் குளிர்காலத்தில் மூன்றாவது ஒன்று வந்தது. உலார்பெக் என்று ஒரு மாட்டு வைத்தியன். எல்னூராவே பார்த்து, அவளுக்குப் பிடித்துப்போனவன். இந்தத் தடவை அவள் அம்மா கலிபா புத்திசாலியாகிவிட்டாள். வாரா வாரம் ரைசாவுக்குப் போன் போட்டு, "இவருக்கு எப்போ?" என்று கேட்டுக்கொண்டாள். அவர் காலை ஷிப்டில் குதிரைக்காரர்களின் எலும்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு நாள் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எல்னூராவின் காதில் தோடு போட்டுவிட்டாள். எங்கள் பக்கத்தில் அந்தத் தோடு விழுந்துவிட்டால் பேச்சு முடிந்தது, பெண் அந்த வீட்டுக்குச் சொந்தம். தோடு திரும்பிப் போனால் சம்பந்தமும் போயிற்று, ரெண்டு வீட்டுக்கும் தலைகுனிவு.

தலைநகரில் இருக்கிற பெய்ஷெனின் அண்ணன் வந்து பக்குவமாக எடுத்துச் சொல்லும்வரை விஷயத்தை மூடிவைப்பது என்று ஏற்பாடு. அதுவரை தோட்டைக் கழற்றி வை என்றாள் அம்மா. கழட்டினால் அபசகுனம், மாட்டேன் என்றாள் மகள். சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிக் காதை மூடித் தலைத்துணி கட்டிக்கொண்டாள்.

பெய்ஷென் அன்றைக்கே மோப்பம் பிடித்துவிட்டார். வீட்டு ஆள் கணக்குக்கு மேல் தேநீர்க் கிண்ணங்கள் கவிழ்ந்திருந்தன. விசேஷத்துக்கு விரிக்கிற மெத்தைகள் மடிப்பு மாறியிருந்தன. வாசலில் நாய் ஒரு எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொடை எலும்பு. விருந்தில் எந்த எலும்பு யாருக்கு என்பது இங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அது பெரிய மனுஷர்களுக்கு வைக்கிறது.

"யாரு வந்தா?"

"கோச்கோர்லருந்து எங்க மாமா வந்தாரு" என்றாள் கலிபா, திரும்பாமலே.

"உங்க மாமாவுக்குப் பல்லே கிடையாதே. இத எப்படிக் கடிச்சாரு?"

"சீவிக் கொடுத்தேன்."

அவர் எலும்பை நாயிடம் திருப்பிக் கொடுத்தார். மனசு ஆறவில்லை. கலிபாவின் தம்பி தலைநகரில் அடுக்குமாடி வீடு வாங்கப் பணத்துக்கு அலைகிறான் என்று கேள்விப்பட்டிருந்தார். அப்படியானால் வந்தவர்கள் விலை பேசியது தன்னுடைய செம்பழுப்புப் பெண்குதிரைக்குத்தான் என்று முடிவுகட்டி, தினமும் தூங்கப் போகிறதுக்கு முன்னால் லாயத்துக்குப் போய்க் குதிரையின் பல்லையும் குளம்பையும் பார்த்துவிட்டு வந்தார். மகள் தும்முவதைக் கேட்டு, வெந்நீர் வைத்துக் கொடு என்று கலிபாவுக்கு ஒரு அதட்டல். அந்தத் தலைத்துணியை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை. மகள் விஷயத்தில் அவருக்குக் கண் அவ்வளவுதான்.

பொய்யாகச் சொன்ன சளி கடைசியில் நிஜமாகவே பிடித்துக்கொண்டது. எல்னூராவுக்கு நெற்றிக்குள் குத்து, குனிய முடியவில்லை. டாக்டர் மூக்குப் பக்கம் ஒரு படம் எடுத்து வரச் சொன்னார். மத்தியானம் டூட்டி குபாத்துக்குத்தான் என்று கலிபா ரைசாவிடம் கேட்டுச் சொன்னாள். அதற்கப்புறம் குபாத்தின் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது, ரைசா பெய்ஷெனை எழுப்பிக் கூப்பிட்டுவிட்டாள். ஏன் தன்னை மட்டும் கூப்பிடுகிறார்கள் என்ற யோசனையோடு அவர் ஏப்ரனை மாட்டிக்கொண்டிருந்தபோது, கதவைத் தள்ளிக்கொண்டு மகள் வந்தாள். அவரைப் பார்த்ததும் பின்வாங்கப் பார்த்தாள்.

"குபாத் இருப்பான்னு வந்தியா?"

அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். பலகையைக் காட்டித் துணியை எடுக்கச் சொன்னார். அவள் மெதுவாக அவிழ்த்தாள்.

தோடு புதுசு. தங்கம். அதில் தொங்குகிற சின்ன இலை ஆடிக்கொண்டிருந்தது. பெய்ஷென் அதையே பார்த்தார். கிண்ணம், மெத்தை, எலும்பு, எல்லாம் அதது இடத்தில் போய் உட்கார்ந்தன. குதிரைக்கு ஒன்றும் இல்லை.

"யாரு?"

"உலார்பெக். மாட்டு டாக்டர். நான்தாம்பா வரச்சொன்னேன்."

"நான் எங்க இருந்தேன்?"

"டூட்டில."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க அவரு நெஞ்சுப் படம் கேப்பீங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "அது ஏற்கெனவே எடுத்தாச்சுப்பா. வேலைல சேரும்போது இங்கதான் வந்தாராம். நீங்கதான் எடுத்தீங்களாம். மாடு உதைச்ச தழும்பைப் பார்த்துட்டு, மாடு உதைச்சதா, மாட்டுக்காரன் உதைச்சானான்னு கேட்டீங்களாம்."

பெய்ஷெனுக்கு அந்த நெஞ்சு ஞாபகம் வந்தது. முகம் வரவில்லை. சுத்தமான நெஞ்சு. கோபப்படலாம் என்று பார்த்தார், கோபம் வரவில்லை. வலித்தது. தன் வீட்டில் தன் மகளுக்குப் பேச்சு முடித்தவர்கள், தான் எப்போது வெளியே போவேன் என்று காத்திருந்திருக்கிறார்கள். அதைவிட, எதிரில் நிற்கிற பெண் தன்னைப் பார்த்துப் பயப்படுகிறாள். அது தாங்க முடியாததாக இருந்தது.

"கழட்டு" என்றார்.

அவள் ரெண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். "வேற யாராவது எடுக்கட்டும்பா. நான் நாளைக்கு வரேன்."

"தலைப் படம். யாரு எடுத்தாலும் கழட்டித்தான் ஆகணும்."

"திருப்பிக் கொடுப்பீங்களா?"

அவர் கையை நீட்டினார். அவள் ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளங்கையில் போட்டாள். கையை மூடிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனார். மூச்சைப் பிடி என்றார். கண்ணாடி வழியாக, மோவாயைப் பலகையில் ஒட்டிக்கொண்டு நிற்கிற மகளின் பிடரியைப் பார்த்தபடியே நின்றார். மெஷின் முனகி ஓய்ந்துபோனது. மூச்சை விடு என்று சொல்ல அவருக்குத் தோன்றவேயில்லை. அவளாகத்தான் விட்டாள்.

வெளியே வந்து, ஜன்னல் பக்கம் போய்த் தோட்டின் பின்பக்கத்தில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார். நகத்தால் சுரண்டினார். கையில் எடை பார்த்தார். எல்னூரா சுவரோரமாக நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வந்து, அவள் மோவாயை ரெண்டு விரலால் பிடித்து முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினார். ஒரு தோட்டை மாட்டிக் கொக்கியை அழுத்தினார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பி இன்னொன்றையும் மாட்டினார். அப்புறம் ரெண்டையும் ஒருதரம் மெல்ல இழுத்துப் பார்த்தார், கழன்றுவிடுமோ என்று.