அறுபத்தெட்டு கிலோவும் ஒரு கறுப்பு லோங்ஸும்

போன கிழமை எங்கள் வீட்டில் ஒரு லோங்ஸ் பூட்ட மறுத்தது.

மகனுக்கு அடுத்த மாதம் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு. அதற்காக இவர், அதாவது என் வீட்டுக்காரர், அலுமாரியில் கிடந்த அந்தக் கறுப்பு முழுக்காற்சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தார். மூச்சை உள்ளே இழுத்தார்... கொக்கி மட்டும் மாட்டுப்படவே இல்லை.

“துணி சுருங்கிப் போச்சி புள்ள” என்றார்.

அலுமாரிக்குள் இருந்த துணி சுருங்குமா? நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஏனென்றால் எடை விஷயத்தில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. ஒவ்வொரு போகமும் கிரானில் உள்ள மில்லுக்கு நெல் கொண்டு போவார். மூட்டைகளை நிறுத்து முடிந்ததும் தானும் தராசில் ஏறி நிற்பார். வீட்டுக்கு வந்ததும் முதல் பேச்சு அதுதான்.

“பாத்தியா, அறுவத்தெட்டு. கலியாணம் முடிச்ச நாளும் அதுதான். கூடவுமில்ல, குறையவுமில்ல.”

நான் எழுபத்து நாலு கிலோ. ஆகவே வாயை மூடிக்கொள்வேன்.

ஆனால் இந்த லோங்ஸ் என்னை விடவில்லை. எடை அதேதான். அப்படியென்றால் இடுப்பு எங்கிருந்து வந்தது? இரண்டு நாள் இதே யோசனை. இவருடைய அண்ணனுக்குச் நீரிழிவு, அதுதான் சீனி வருத்தம், வந்து ஒரு கால் போனது. “அண்ணன் குண்டு. நான் அப்பிடியா இரிக்கன்?” என்று சொல்லியே இவர் ஒருநாளும் இரத்தம் சோதித்ததில்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன்.

டொக்டர் சின்னப் பொம்பிளைப் பிள்ளை, மகனைவிட நாலைந்து வயது கூட இருக்கும். தராசைக் காட்டவேயில்லை. ஒரு கயிற்றை எடுத்து இவருடைய உயரத்துக்கு அளந்தார். அதைச் சரிபாதியாக மடித்து, தொப்புளோடு சேர்த்து இடுப்பைச் சுற்றினார். நுனிகள் தொட வேண்டுமாம். நாலு விரல் இடைவெளி கிடந்தது.

“கலியாணத்திலிருந்து நான் ஒரு கிலோவும் கூடல்லயே மகள்?” என்றார் இவர், பரிதாபமாக.

“எடை கூடல்ல அங்கிள். இடம் மாறியிருக்கு. முந்தி கையிலயும் தொடையிலயும் தசையா இருந்தது குறைஞ்சி, இப்ப வயித்தில கொழுப்பா இருக்கு. ரெண்டையும் சேர்த்து நிறுத்தா தராசு ஒண்டாத்தான் காட்டும்.”

உண்மைதானே! முன்பு வயல் வட்டைக்குச் சைக்கிளில் போவார், மூட்டை சுமப்பார். இப்போது வயலுக்கு மோட்டர் சைக்கிள், அறுவடைக்கு மெஷின்.

சரி, இத்தனை வருடமும் ஏன் எங்கள் கண்ணில் படவில்லை? வீட்டில் இவர் கட்டுவது சாரன், கைலிதான். சாரனுக்கு ஏது அளவு? இழுத்துச் சொருகினால் முடிந்தது. வயிறு எவ்வளவு முன்னேறினாலும் அது வழிவிட்டுக்கொண்டே போகும் — எங்கள் ஊர் ஆம்பிளைகளுக்கு இதைவிட நல்ல கூட்டாளி கிடையாது.

“அன்ரி, நீங்களும் வாங்க” என்று கயிறு என் பக்கம் திரும்பியது. இரண்டு விரல் குறைந்தது. நானும் நடக்க வேண்டுமாம். ஆனாலும் ஆறு கிலோ கூடிய நான், ‘அதே அறுபத்தெட்டை’ வென்றுவிட்டேன்... மறுநாள் வரைக்கும் அந்தச் சந்தோஷம் இருந்தது.

மறுநாள் இரத்தச் சோதனை முடிவு வந்தது. இவருக்குச் சீனி எல்லையில் நிற்கிறது. இன்னும் தாண்டவில்லை, பிடித்துத் திருப்பலாம் என்றார் டொக்டர். வெளியே வந்து வாங்கில் குந்தி கொஞ்ச நேரம் அழுதேன். அடுத்த நாள் காலையில் இவர் பழைய சைக்கிளுக்குக் காற்று அடிக்கிற சத்தம் கேட்டது.

நேற்று தையல்காரர் வந்தார். லோங்ஸின் இடுப்பை விரித்துத் தரலாம், உள்ளே துணி இருக்கிறது என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டில் உள்ளதை உள்ளபடி சொன்னது அந்த லோங்ஸ் ஒன்றுதான். அதன் வாயையும் அடைப்பதா?